விக்ரோரியாவும் முப்பத்தாறு கிலோ வீகோவும்

பேருந்துக்குள் கால் வைத்ததுமே விக்ரோரியா அன்றைய முதல் பொய்யைச் சொல்லிவிடுவார். "இவனுக்குத் தமிழ் மட்டும்தான் விளங்கும்" என்று டெனிஷ் மொழியில், யாரும் கேட்காமலேயே, பக்கத்து இருக்கைக்கு அறிவிப்பார். வீகோவைக் கொஞ்ச வாயெடுத்த டெனிஷ்காரர் வாயை மூடிக்கொள்வார். நாலு தரிப்பிடம் தள்ளி ஒரு தமிழ்க் குரல் ஏறினால் போதும், அதே விக்ரோரியா, "இவனுக்குத் தமிழ் ஒரு சொட்டும் தெரியாது, டெனிஷ்தான்" என்பார். முகத்தில் ஒரு சுருக்கமும் இராது. வேலை செய்கிற நாயோடு பேசாதீர்கள் என்று அவன் முதுகுப் பட்டியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. யார் வாசிக்கிறார்கள்?

வீகோ ஒரு கறுப்பு லாப்ரடோர், விக்ரோரியாவின் வழிகாட்டி. நாய் என்று சொன்னால் பொறுத்துக்கொள்வார், 'அது' என்றால் பொறுக்கமாட்டார். ஆகவே நாமும் 'அவன்' என்றே சொல்லிவிடுவோம். வம்பு எதற்கு?

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. மன்னாரில் பிறந்து, டென்மார்க்கில் சில்க்போர்க் நகரத்து முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். கண்ணில் வந்த அழுத்த நோய் முதலில் ஓரங்களைத் தின்றது, பிறகு நடுவையும் விடவில்லை. மகள் மரினாவுக்கு ஓகூஸ் நகரில் ஆஸ்பத்திரி வேலை. ஞாயிறு தவறாமல் வந்து, தாய் ஒழுங்காக அடுக்கி வைத்த டப்பாக்களை ஒழுங்காக்குகிறேன் என்று மாற்றி வைத்துவிட்டுப் போவாள். திங்கள் காலைத் தேநீருக்குள் விக்ரோரியா உப்புப் போட்டுக் குடிப்பது அதனால்தான்.

மூக்கு மட்டும் சமையலறையில் நின்ற காலத்து மூக்கு. வெளியே போய் வீடு திரும்பியதும் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னம், வாசற்படியில் குந்தியிருந்து, "ஆ காட்டு ராசா" என்று வீகோவின் தாடையைப் பிடிப்பார். அவனும் வேறு வழியில்லாமல் வாயைத் திறப்பான். உள்ளே மூக்கை விட்டு ஒரு இழுப்பு இழுப்பார். "ஆட்டிறைச்சி ரோல்ஸ். மிளகு கொஞ்சம் கூட. சண்முகம் அண்ணை." இன்னொரு இழுப்பு. "ரின் மீன் கட்லட். செலீனா." தீர்ப்பு முடிந்தது. மேல்முறையீடு கிடையாது.

இந்த விசாரணைக்குக் காரணம் கிர்ஸ்டன். நாய்களைப் பழக்கிக் கொடுக்கும் சங்கத்திலிருந்து வருகிற பயிற்சிக்காரி. எட்டுக் கிழமைக்கு முன்னம் மிருக வைத்தியரின் தராசில் வீகோவை ஏற்றிப் பார்த்தாள். முப்பத்தாறு கிலோ. முப்பத்து மூன்றுக்குள் இருக்க வேண்டியவன். "எட்டு வாரம் தருகிறேன். அதற்குள் குறையாவிட்டால் இவனைத் திருப்பி எடுக்க வேண்டி வரும்" என்றாள். நல்ல பெண்தான், ஆனால் நல்ல பெண்கள் சொன்னால் செய்துவிடுவார்கள்.

சண்முகலிங்கம் தமிழ்க்கடை வைத்திருப்பவர். செலீனா தேவாலயத்தில் பக்கத்து வாங்கில் இருப்பவள். இருவரையும் அந்த வாரமே பிடித்து நிறுத்தினார் விக்ரோரியா.

"ஐயோ அக்கா, ஒரே ஒரு கட்லட்" என்றாள் செலீனா. "வீட்டை வந்த சீவனை வெறும் வாயோடை அனுப்புறதோ?"

"எனக்கு மட்டும் தேத்தண்ணிக்குச் சீனியும் போடேல்லை!"

"உங்களுக்குச் சலரோகம் எல்லோ அக்கா!"

சண்முகலிங்கம் சண்டைக்கே வந்துவிட்டார். "என்ரை கடைக்கு வாறவன் ஒருத்தன். படியிலை நிண்டு ஒரு பார்வை பாக்கிறான். சும்மா போ எண்டு சொல்ல எனக்கு வாய் வராது தங்கச்சி."

"அப்ப கால் வருமோ பாப்பம்" என்றார் விக்ரோரியா. குற்றத்துக்கு ஒரு தண்டனை வைத்தார். ஒரு கட்லட்டுக்கு ஏரிக்கரையில் ஒரு நடை. ஒரு ரோல்ஸுக்கு இரண்டு நடை, ஏனென்றால் ரோல்ஸ் எண்ணெயில் பொரிப்பது. அவரோடும் வீகோவோடும் கூடவே நடக்க வேண்டும், மழை பெய்தாலும். பழைய கணக்கெல்லாம் கூட்டித் தீர்க்க இரண்டு பேரும் ஏழு கிழமையாக நடக்கிறார்கள்.

இதில் விக்ரோரியாவின் சூழ்ச்சி ஒன்று உண்டு. வெளியே சொல்லமாட்டார், நாம் சொல்லலாம். கண் போன புதிதில் அவர் வெள்ளைத் தடியோடுதான் கடைக்குப் போவார். ஆட்கள் மூச்சை அடக்கிக்கொண்டு, அவருக்குப் பக்கத்தால் ஓசைப்படாமல் நழுவிப் போவார்கள். என்ன கதைப்பது என்று தெரியாமல்தான். ஆனால் செலீனாவின் சென்ற் மணமும் சண்முகலிங்கத்தின் சப்பாத்துக் கிறீச்சும் அவருக்குத் தெரியாதா? தெரிந்தது. நெஞ்சு கொதித்தது. ஒன்றும் அறியாதவர் மாதிரிப் பருப்புப் பைகளைத் தடவிக்கொண்டு நிற்பார். பிறகு வீகோ வந்தான். அன்றிலிருந்து ஒருவரும் நழுவவில்லை. "வாடா மோனே" என்று ஓடி வந்தார்கள். முதலில் நாய்க்கு ஒரு கதை, பிறகு அவருக்கும் ஒரு கதை. அவர்கள் கொடுத்த ரோல்ஸ் நாயின் இடுப்பைக் கெடுத்தாலும், அந்தக் கதை அவருக்கு வேண்டியிருந்தது. ரோல்ஸை நிறுத்தினால் ஆட்களும் நின்றுவிடுவார்களே என்ற பயத்தில்தான் அந்த நடைத் தண்டனை பிறந்தது. கெட்டிக்காரி.

எட்டாவது கிழமைப் புதன். இரண்டு மணிக்குத் தராசு. அதற்கு முன்னம் மூன்று வேலை வைத்திருந்தார்.

முதல் வேலை மருந்துக்கடை. வாசலில் வீகோ கதவுப்பிடிக்குக் கீழே மூக்கை வைத்து நின்றான். உள்ளே இலக்கச் சீட்டு எடுக்கிற இயந்திரம் எங்கே என்று ஒரு அம்மா கைபிடித்துக் காட்ட வந்தாள். "அவனுக்குத் தெரியும், ஆனால் நீங்கள் ஆசைப்பட்டால் காட்டுங்கள்" என்றார் விக்ரோரியா. அந்த அம்மாவுக்குச் சிரிப்பதா மன்னிப்புக் கேட்பதா என்று விளங்கவில்லை.

இரண்டாவது நூலகம். காதால் கேட்கிற புத்தகங்கள் எடுப்பார், எல்லாம் கொலைக்கதை. யார் கொலைகாரன் என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்று திருப்பிக் கொடுக்கும்போது மேசைக்காரரிடம் பெயரையும் சொல்லிவிடுவார். அடுத்து எடுக்க வரிசையில் நிற்பவர் பெருமூச்சு விடுவது கேட்கும். அதிலும் ஒரு சந்தோஷம்.

மூன்றாவது தமிழ்க்கடை. அன்றைக்கு ரோல்ஸ் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. வீகோ படியில் நின்று ஒரு பார்வை பார்த்திருக்க வேண்டும்.

"நான் ஒண்டும் குடுக்கேல்லை!" என்று சண்முகலிங்கம் உள்ளேயிருந்து கத்தினார். "கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நிக்கிறன். வேணுமெண்டால் வந்து தடவிப் பாரும்!"

"நாயோடை கதைச்சு முடிஞ்சுதெண்டால் எனக்கும் ஒரு வணக்கம் சொல்லுங்கோ அண்ணை."

"உமக்கென்ன, என்ரை காற்சட்டையைப் பாரும். பெல்ற்றிலை ரெண்டு ஓட்டை உள்ளுக்குப் போட்டுது. உம்மடை ஏரிக்கரை நடையாலை வந்த வினை."

வீகோவின் வார் மட்டும் எட்டுக் கிழமையாக ஒரே ஓட்டையில்தான் நின்றது. அது குளிருக்கு மயிர் அடர்ந்தபடியால் என்று விக்ரோரியா தனக்குச் சொல்லி வைத்திருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சண்முகலிங்கம் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, "ஏறும், நான் கொண்டுபோய் விடுறன். முடிவையும் கேட்டுக்கொண்டு வாறன்" என்று காரை எடுத்தார்.

மிருக வைத்தியரின் அறையில் கிர்ஸ்டன் காத்திருந்தாள். பட்டியைக் கழற்றினார்கள். வீகோ தராசுப் பலகையில் ஏறி, படமெடுக்கப் போகிறவன் மாதிரி அசையாமல் இருந்தான். விக்ரோரியா இலக்கத்துக்காகக் காதைக் கொடுத்தார். கிர்ஸ்டன் உடனே சொல்லவில்லை. அந்தத் தாமதமே விக்ரோரியாவுக்குப் போதுமாயிருந்தது.

"முப்பத்தைந்து கிலோ தொள்ளாயிரம்" என்றாள் கிர்ஸ்டன்.

எட்டுக் கிழமை பட்ட பாட்டுக்கு, நூறு கிராம். சண்முகலிங்கமே அதைவிடக் கூடக் குறைந்திருந்தார்.

"விக்ரோரியா, எங்கிருந்தோ இவனுக்குச் சாப்பாடு வருகிறது. எங்கிருந்து என்று தெரிந்தால் வீட்டில் வைத்தே நிறுத்தலாம். தெரியாவிட்டால் இன்றைக்கே நான் கூட்டிக்கொண்டு போகவேண்டும். மூன்று மாதமாவது ஆகும். மூட்டுப் பழுதானால் பிறகு இவனால் வேலையே செய்ய முடியாது. நீங்கள் ஏதாவது கொடுக்கிறீர்களா?"

"அளந்த தீனி மட்டும்" என்றார் விக்ரோரியா. அதை நம்பித்தான் சொன்னார். ஐம்பத்தாறு நாளும் வாயை மணந்தவர். கடைசி ஐம்பது நாளில் ரோல்ஸும் இல்லை, கட்லட்டும் இல்லை என்று சத்தியம் செய்வார். மூன்று மாதம் என்ற சொல் அவர் தலைக்குள் சுற்றியது. திரும்பவும் தடி. திரும்பவும் பருப்புப் பைகள், பக்கத்தால் அடக்கிய மூச்சுகள். கண்ணிலிருந்து நீர் ஓடியது. பார்வை போன கண்ணுக்கு அழ மட்டும் தெரிந்திருந்தது.

அப்போது பின்னால் சண்முகலிங்கம் இருந்த கதிரை நகர்ந்தது.

"நான்" என்றார் சண்முகலிங்கம், தனக்குத் தெரிந்த உடைந்த டெனிஷில். "நான் கொடுத்தது. ஒவ்வொரு நாள். ரோல்ஸ். இரண்டு." அது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, "பெரியது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கிர்ஸ்டனின் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. "உங்களுக்கு விளங்குகிறதா? ஒரு மிருகத்தை நோயாளியாக்குகிறீர்கள். இனி நீங்கள் இவனுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. நடக்கவும் போகக் கூடாது. சம்மதமா?"

"ஓம்... யா, யா" என்றார் சண்முகலிங்கம். பள்ளிக்கூடத்தில் வாங்கில் ஏற்றிவிட்ட பொடியன் குரல். மழையில் ஏழு கிழமை நடந்த மனிதர்.

விக்ரோரியாவுக்குக் காது சுட்டது. பேசாமல் இருந்தால் வீகோ வீட்டுக்கு வருவான், எல்லாம் சரியாகிவிடும். வாசலில் குந்தியிருந்து ஊரையெல்லாம் பிடித்த மூக்குக்கு, ஒவ்வொரு நாளும் அடித்த ஒரு மணம் மட்டும் பிடிபடவில்லை. அது வீகோவின் மணம் என்றே பழகிவிட்டிருந்தார். இப்போதுதான் பிடிபட்டது, அது வெண்ணெய்.

"அண்ணை, நீங்கள் இருங்கோ" என்றார்.

பிறகு கோட்டின் இடப்பக்கப் பைக்குள் கையை விட்டு, துணியை அடியோடு வெளியே இழுத்துப் புரட்டினார். வெண்ணெய் தடவிய கறுப்புப் பாண் துண்டுகள் பொலபொலவென்று நிலத்தில் விழுந்தன. கிர்ஸ்டனின் பேனா நின்றது.

"பேருந்து ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று" என்றார் விக்ரோரியா டெனிஷில். "அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு நான் எப்படிச் சும்மா நடக்கிறது? இதை நான் சாப்பாடு என்றே நினைக்கவில்லை."

விக்ரோரியா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். பிறகு வலப்பக்கப் பையையும் புரட்டினார்.