கோட்டுக்குக் கீழே ஒரு மேடு

1. பந்தியில் வந்த அலர்ட்

அலர்ட் வந்தபோது நான் மர்பி டவுனில், மைத்துனர் மகளின் ஞானஸ்நான விருந்தில், பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். முதல் வாய்கூட வைக்கவில்லை. போனைப் பார்த்துவிட்டு எழுந்தேன்.

“எங்க கிளம்பிட்டாரு மாப்ள?” என்றார் மாமனார்.

“ரெண்டு நட்சத்திரம் எங்கயோ முட்டிக்கிச்சாம்ப்பா. இவருதான் போய் வெலக்கி விடணும்” என்றாள் என் மனைவி ரெஜினா.

உண்மை இன்னும் கேவலம். விலக்கி விடக்கூட இல்லை; முட்டிக்கொண்டு பல கோடி வருடம் ஆகியிருந்தது. அந்த அதிர்வு ஈர்ப்பலையாகப் பூமியைக் கடக்கும்போது வெளிநாட்டு நிலையங்கள் அதைக் கேட்டுவிட்டு எல்லோருக்கும் செய்தி அனுப்பும். மோதலோடு ஒரு காமாக்கதிர் மின்னலும் கிளம்பியிருக்கலாம். ஓரிரு நொடிதான். அது எங்கள் செயற்கைக்கோளில் இருக்கும் டிடெக்டரில் பட்டதா என்று தேடுவது என் உத்தியோகம். இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் பட்டதில்லை. வராத கடிதத்துக்காக வாசலில் நிற்பவனுக்கு மாதச் சம்பளமும் கொடுத்தால் எப்படியோ, அப்படி.

ஆபீஸ் கேட்டில் செக்யூரிட்டி மஞ்சுநாத் வழக்கம்போல, “சிக்தா சார்?” என்றார். கிடைத்ததா என்று கன்னடத்தில் கேட்கிறார்.

“இன்னும் டேட்டாவே எறங்கல மஞ்சு.”

“அப்போ டீ குடிச்சிட்டு போங்க. ஓடியா போயிடும்?”

2. கோடு

கஸ்தூரி மேடம் எனக்கு முன்பே ஆனேக்கல்லிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டிருந்தார். எங்கள் குழுத் தலைவி. டிடெக்டர் மேலே போகும் முன்பே அதைக் கையில் பிடித்துச் சோதித்தவர். அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு ரிட்டயர்மென்ட். அதற்குள் ஒன்றே ஒன்று பட்டுவிடாதா என்று அவர் கேட்டதில்லை. நாங்கள் எல்லோரும் அவருக்காகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“ரொம்ப கிட்ட நடந்திருக்கு, ஆண்டனி. இவ்ளோ கிட்ட நமக்கு வந்ததே இல்ல” என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. கையில் இருந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

அன்று வேறு யாரும் பார்த்திருக்க முடியாது என்றும் தெரிந்தது. ஒரு செயற்கைக்கோளுக்குப் பூமியே குறுக்கே நின்றது. இன்னொன்று துகள்கள் அதிகமான வட்டாரத்தைக் கடந்துகொண்டிருந்ததால் டிடெக்டரை அணைத்து வைத்திருந்தார்கள். மிச்சம் நாங்கள்தான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. டிடெக்டரில் எப்போதும் இரைச்சல் இருக்கும். அதில் தானாகவே மேடும் பள்ளமும் எழும். ஆகவே மோதல் நேரத்து டேட்டாவைத் திறக்கும் முன், ஒன்றும் நடக்காத நேரத்து டேட்டாவைப் பார்த்து, இதற்கு மேலே எழுந்தால்தான் நிஜம் என்று ஒரு கோடு போட வேண்டும். போட்ட பிறகு நகர்த்தக் கூடாது. மேடம் கோடு போட்டார். நான் திறந்தேன்.

மோதல் நேரத்தை ஒட்டி, சரியாக வர வேண்டிய இடத்தில், ஒரு மேடு. கோட்டை எட்டிப் பிடிக்கப் பார்த்து, ஒரு மயிரிழை கீழே நின்றுவிட்டது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்; அப்போதும் கீழேதான். பிறகு நான்தான், “கோட்டைக் கொஞ்சம் உசரமா போட்டுட்டோமோ மேடம்?” என்றேன்.

“இத பாக்கறதுக்கு முன்னாடி அப்படித் தோணுச்சா உங்களுக்கு?”

“இல்ல.”

“எனக்கும் தோணல.”

ஸ்கிரீனில் அந்த மேட்டின் மேல் விரலை வைத்தார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. எடுத்தார். கீபோர்டை இழுத்து அறிக்கையை அவரே அடித்தார்: மின்னல் எதுவும் தென்படவில்லை, இந்த அளவுக்கு மேல் பிரகாசமாக இருந்திருந்தால் பார்த்திருப்போம். இதற்கு எங்கள் பாஷையில் அப்பர் லிமிட் என்று பெயர். நான் பல டஜன் எழுதியிருக்கிறேன். ஒருவர் எழுதும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது அன்றுதான்.

வெளியே வந்தபோது மஞ்சுநாத் வாயைத் திறந்தார். மேடத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே கேட்டைத் திறந்துவிட்டார்.

3. போன்

வெள்ளிக்கிழமை சால்வை, பூங்கொத்து, சமோசா எல்லாம் நடந்தது. மேடு பற்றி யாரும் பேசவில்லை. அது நிஜமா, இரைச்சலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த ஒளி எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது, அல்லது அப்படி ஒன்று இருக்கவே இல்லை. நான் அந்த மேட்டின் படத்தை இன்னும் அழிக்கவில்லை. சில மத்தியானங்களில் எடுத்துப் பார்ப்பேன். எவ்வளவு வேண்டுமானாலும் ஆசைப்படலாம், ஆனால் கோட்டை முதலில் போட்டுவிட வேண்டும்: இந்த வேலையில் நான் கற்றது அவ்வளவுதான். கோடு ஆசையைக் குறைக்கும் என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லை.

அலர்ட் மேடத்துக்கும் இன்னும் போகிறது. நிறுத்தச் சொல்லி அவர் எழுதிக் கொடுக்கவில்லை. போன வாரம் ஒன்று வந்தது. டேட்டா இறங்கியதும் போன் அடித்தது. பின்னால் ஓசூர் பஸ் கண்டக்டர் கத்துவது கேட்டது.

“கோடு போட்டாச்சா?”

“போட்டாச்சு மேடம்.”

“அப்ப நான் வச்சிடறேன். நீங்க தெறங்க.”

அவர் வைக்கவில்லை. நானும் வைக்காமல் திறந்தேன்.