வெள்ளித் தாள் போன பூச்சாடி

வேலை முடிந்து கிளம்பும்போது மங்கம்மாள் வாசற்படியில் நின்று முந்தானையை ஒரு முறை நன்றாக உதறுவாள். பிறகுதான் செருப்பில் கால் நுழைப்பாள். தூசிக்காக உதறுகிறாள் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். தூசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், முந்தானையில் எதையும் முடிந்துகொண்டு போகவில்லை என்று காட்டுவது போல உதறுவாள். தனசேகரன் வீட்டில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இந்தப் பழக்கம். உதறச் சொல்லி யாரும் சொன்னதில்லை. கூடத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் தனசேகரன் அதை நிமிர்ந்து பார்த்ததுமில்லை.

அவர் கணியம்பாடிப் பக்கம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு மூச்சுத் தொந்தரவு, மலைக்காற்று நல்லது என்று நெல்லிவாசலில் வீடு கட்டினார். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் கீழே இறங்கவில்லை. சமையலும் துடைப்பதும் பெருக்குவதும் மங்கம்மாள்தான். வீட்டுச் சாவி ஒன்று அவளிடமே இருக்கும்.

கூடத்து ஷோகேஸில் ஒரு கண்ணாடிப் பூச்சாடி இருந்தது. தேன் நிறம். கண்ணாடிக்குள்ளேயே சின்னச் சின்னக் குமிழ்கள். கையில் எடுத்தால் அம்மிக் குழவி மாதிரி கனக்கும். தனசேகரனின் அப்பா கொதிகலன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே மிஷின் பூட்ட வந்த செக் நாட்டு எஞ்சினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது அது.

போன விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த மகள் அபிநயாவுக்கு அதன் மேல் கண் விழுந்தது. தாத்தா ஞாபகம். எந்தப் பட்டறையில் செய்தது என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நின்றாள். இந்த மாதிரிக் கண்ணாடி சேர்க்கிறவர்கள் உலகமெல்லாம் இருக்கிறார்களாம். இணையத்தில் அவர்கள் பேசிக்கொள்ளும் இடம் ஒன்றில் படம் பிடித்துப் போட்டாள். அந்த நாட்டில் இதே நிறத்தில், இதே குமிழோடு செய்த பட்டறைகள் பல, பட்டறை தன் பெயர் போட்டு ஒட்டிய தாளைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று பதில் வந்தது. பழைய ஆல்பத்தைப் புரட்டினாள். தனசேகரனின் கல்யாணப் படத்தில் மேசை மேல் அதே பூச்சாடி. அடி ஓரமாகப் பளபளவென்று ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. எழுத்துத் தெரியவில்லை. நீளவாக்கில் இருந்தது மட்டும் தெரிந்தது.

"மங்கம்மாக்கா, இதுல ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சே, பாத்திருக்கீங்களா?"

"இருந்துச்சி பாப்பா. வெள்ளித் தாளு மாதிரி. நான் வந்த புதுசுல பொங்கலுக்குத் தேய்க்கறப்ப ஊறி வந்துட்ச்சி."

"எதால தேய்ச்சீங்க?"

"புளியும் சாம்பலும்தான்."

"கண்ணாடிய யாராவது புளி போட்டுத் தேய்ப்பாங்களா?"

"எங்க வூட்ல எல்லாத்தையும் தேய்ப்போம் பாப்பா."

அது நிஜம். மலையில் பொங்கலுக்கு முன்னால் வீட்டுச் சாமான் ஒன்று விடாமல் வெளியே எடுத்துப் போட்டுத் தேய்த்துக் கவிழ்ப்பார்கள். ஒன்று விட்டுப்போனாலும் வீடு சுத்தமானதாகக் கணக்கில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் கடைக்காரன் ஒட்டிய தாளைச் சுரண்டுவது போலத்தான் இதையும் அவள் சுரண்டி எறிந்தாள். வருஷா வருஷம் தேய்த்தாள்.

தனசேகரன் சிரித்தார். "என்னையும் குழாயடியில உக்காரவெச்சுத் தேய்ச்சிருப்பா. நான்தான் தப்பிச்சேன்."

அபிநயா சிரிக்கவில்லை. செல்போனில் வந்த புதுப் பதிலைப் படித்துக்கொண்டிருந்தாள். "அடியில இவ்வளவு கீறல் இருக்கே, இது பின்னால வந்த டூப்ளிகேட்டா இருக்கலாம்னு ஒருத்தர் சொல்றாருப்பா."

"நம்ம வீட்டுக்கு டூப்ளிகேட் எப்படிம்மா வரும்?"

அவர் வெறுமனே கேட்டதுதான். ஆனால் மாற்றி வைத்தால்தான் வரும் என்ற பதிலும் அந்தக் கேள்வியிலேயே இருந்தது. இருவரும் பூச்சாடியையே பார்த்தார்கள். மங்கம்மாளைப் பார்க்கவில்லை. கீறல் சாம்பலால் விழுந்தது என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். கேட்காத போது சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் அபிநயா செல்போனில் விதவிதமான ஒட்டுத் தாள்களின் படங்களைக் காட்டினாள். ஒவ்வொன்றும் ஒரு பட்டறையுடையது. "இதுல எதுன்னு சொல்லுங்கக்கா. பட்டறை தெரிஞ்சிடும்."

மங்கம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். அன்றைக்குச் சாம்பல் கரைசலில் சுருண்டு கிடந்த தாள்தான் அவளுக்கு ஞாபகம். எழுத்தைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் படிக்கத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் மறைப்பதாக நினைப்பார்களோ என்று பயம். பாப்பா ஆசையாகக் கேட்கிறதே என்றும் இருந்தது.

"இதாட்டம் இருந்துச்சி," என்று வட்டமான ஒன்றைத் தொட்டாள்.

அபிநயா செல்போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு ஆல்பத்தை எடுத்து அந்த நீளத் தாளை இன்னொரு முறை பார்த்தாள். "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள்.

மங்கம்மாள் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சின்னராசுவிடம் சொன்னாள். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் திரும்பிப் பார்த்தான்.

"நம்ம வூட்ல கொண்டாந்து வெச்சா இந்த ஆடு ஒரே முட்டுல ஒடச்சிடும். அத்தப் போய் நீ எடுப்பியா? போய் சொல்லு."

"இன்னான்னு சொல்றது? எடுத்தன்னு அவங்க சொல்லலியே."

"அப்ப வுடு."

விட முடியவில்லை. அபிநயா ஊருக்குப் போன பிறகு, காபி டம்ளரைத் தனசேகரன் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஐயா, நான் மாத்தலீங்க. அதே சாடிதாங்க."

"மாத்தினன்னு யாரும்மா சொன்னா? போய் வேலையப் பாரு."

குரலில் கோபமில்லை. ஆனால் காபி ஆறும் வரை அவர் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. திருடினாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கோயில் வாசலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பாள். யாரும் கேட்கவில்லை.

அபிநயா பூச்சாடியைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் பழங்காலப் பொருள் விற்கும் கடைக்காரர் ஒருவரிடம் காட்டினாள். அசலாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், தாள் இல்லாமல் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார் அவர்.

அது இப்போது அபிநயா வீட்டில் இருக்கிறது. செய்த பட்டறை எது என்று இன்றுவரை தெரியவில்லை. மங்கம்மாள் தினமும் வேலைக்குப் போகிறாள். ஷோகேஸுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அவளிடமிருந்த வீட்டுச் சாவியைத் தனசேகரன் வாங்கி வைத்துக்கொண்டார்.