பேட்டரிக்கு வைத்த சந்தனம்

நாங்கள் பிக்கப் வேன் வாங்கிய பிறகு வந்த முதல் ஆயுத பூஜை அது. என் கணவர் பேட்டரியைக் கழற்றித் துடைத்து வைத்திருந்தார். வண்டிக்கு உயிரே அதுதானே என்று, வயர் மாட்டும் இரண்டு முனைகளிலும் சந்தனத்தைக் கெட்டியாகப் பூசிக் குங்குமமும் வைத்தேன்.

"சாமிக்கு வெச்சதத் தொடைக்கக் கூடாது" என்று, அவரும் அதன் மேலேயே வயரை மாட்டிவிட்டார்.

மறுநாள் காலை, தக்காளிக் கூடைகளைப் பொம்மிடியில் ரயிலேற்ற வேண்டும். சாவியைத் திருகினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தது, இன்ஜின் சுற்றவில்லை. ரயிலுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது.

"பேட்டரி போயிருச்சு. புதுசுதான் வாங்கோணும்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "லைட் எரியுதுங்களே! அப்ப பேட்டரி நல்லாத்தானுங்க இருக்குது. நான் வெச்ச சந்தனம் காஞ்சு, கரண்ட மறிக்குதோ என்னமோ?"

அவர் முறைத்தார். ஆனாலும் வயரைக் கழற்றி, காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி, இறுக்கி மாட்டினார். சாவியைத் தொட்டதும் வண்டி உறுமியது. ரயிலைப் பிடித்துவிட்டோம்.

அவர் இதை இன்றுவரை வெளியில் சொன்னதில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன். இப்போதெல்லாம் ஆயுத பூஜையில் சந்தனம் பானெட்டுக்குத்தான். பேட்டரிக்கு எட்ட நின்று ஒரு கும்பிடு, அவ்வளவுதான்.