சித்தப்பாவின் மடக்குக் கத்தி

திருவிழாக் கூட்டத்துக்குள் ஒரு சாணுக்கு மேல் அலகுள்ள கத்தியைக் கொண்டு வரக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் தண்டோரா போட்டிருந்தார்கள். அலகு என்றால் அலகு மட்டும். பிடி அதில் சேராது. பறிமுதல் செய்தால் அங்கேயே ரசீது கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் ஒழுங்காக நடந்திருந்தால் எனக்கு எழுத விஷயம் இருந்திருக்காது.

அது யுத்த காலம். அம்மாவின் தங்கையான சித்தி, தலைப்பிரசவத்துக்காக அரிமளத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சித்தப்பாவுக்கு ரங்கூனில் அரிசி மண்டியில் வேலை. கடைசியாக லீவில் வந்து கப்பலேறப் போனபோது தன் மடக்குக் கத்தியை அவளிடம் கொடுத்திருந்தார். பிள்ளைத்தாய்ச்சி கையில் இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாது என்பது வழக்கம். பிள்ளை பிறந்து பச்சை உடம்பு தேறும் வரைக்கும் அது உண்டு.

அந்தக் கத்தியைப் போல் கைக்கு இதமான பொருள் எங்கள் வீட்டில் வேறு இல்லை. எருமைக் கொம்புப் பிடி. நடுவில் சற்றே பருத்து, இரு முனையிலும் ஒடுங்கியிருக்கும். எடுத்த உடனே சில்லென்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் கையின் சூடு ஏறிவிடும். கனமும் இல்லை, கனமில்லை என்றும் சொல்ல முடியாது. பிடியின் ஒரு பக்கத்தில் கட்டைவிரல் வைக்க வழவழவென்று ஒரு பள்ளம். என் விரல் அதில் காணாமல் போகும். சித்தியின் விரலுக்கும் அது பெரிதுதான். கத்திகளை அப்படிப் பள்ளம் வைத்தே செய்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன். பலப்பம் சீவ அவள் தரும்போது, சீவி முடித்த பிறகும் பாவாடை மடிப்புக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டே இருப்பேன்.

மாரியம்மன் திருவிழாவுக்குச் சித்தியின் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோம். பூக்கட்டின் வாழைநாரை அறுக்கச் சித்தி கத்தியை விரித்தாள். போலீஸ்காரர் ஒருவர் பார்த்துவிட்டார்.

“என்ன தாயி, கத்தியும் கையுமா வந்திருக்கே? யாரக் குத்தப் போறே?”

“பிள்ள பெத்தவ, இரும்புக்கு வச்சிருக்கேங்க.”

அவர் அலகின் நுனியில் தொடங்கிப் பிடியின் கடைசி வரைக்கும் சாண் போட்டார். “சாணுக்கு மேல ரெண்டு விரக்கட நிக்குதே! திருவிழா முடிஞ்சு வந்து கேளுங்க” என்று மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார். ரசீது தரவில்லை. போடுவதற்கு முன் உள்ளங்கையில் ஒரு முறை உருட்டிப் பார்த்தார். அவர் கைக்கும் அது பிடித்திருந்தது போல.

திருவிழா முடிந்து அப்பா போய்க் கேட்டபோது, கத்தி மேலிடத்துக்குப் போய்விட்டது, விண்ணப்பம் போட வேண்டும் என்றார்கள்.

இதற்கிடையில் சித்தியின் கை சும்மா இருந்தது. அம்மா சாவிக்கொத்தைக் கொடுத்தாள், பிறகு பாக்குவெட்டி, கடைசியில் கருக்கரிவாள். எல்லாமே திரும்பி வந்தன.

“எந்த இரும்பா இருந்தா என்னடி? காத்து கருப்பு வந்து பிடியப் பாத்துட்டா பயப்படுது?”

“கையில ஒக்கார மாட்டேங்குது அக்கா.”

நான் முழுக்கச் சித்தியின் கட்சி. கைக்கு இதம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? ரங்கூனில் குண்டு விழுந்ததும், அங்கிருந்து காடு மேடெல்லாம் நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் யாரும் சித்தப்பாவைப் பார்த்ததாகச் சொல்லாததும் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தன. அவை பெரியவர்கள் விஷயம்; கத்தி எங்கள் விஷயம்.

அப்பா விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது சித்தி கதவோரம் நின்றாள்.

“அவுக கத்தின்னே எழுதுங்க அத்தான். என்னுதுன்னு எழுதிராதீங்க.”

“ஒங்கிட்ட இருந்துதானே ஆத்தா எடுத்தாக?”

“வச்சிருன்னுதான் குடுத்தாக. வந்து கேட்டா நாங் குடுக்கணும்ல?”

அப்பா பேனாவை மையில் தோய்த்து வெகுநேரம் வைத்திருந்துவிட்டு, அவள் சொன்னபடியே எழுதினார்.

பின்னாளில் நானும் சர்க்கார் உத்தியோகம் பார்த்து, இப்படிப்பட்ட விண்ணப்பங்களுக்குப் பதில் எழுதியே ஓய்வு பெற்றவள். அப்பாவின் விண்ணப்பத்துக்கு மேலிடத்திலிருந்து வந்த பதிலில் விதிப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. அளந்ததில் பிழை நேர்ந்திருக்கிறது. கத்தி ஆட்சேபணைக்குரியது அல்ல. விண்ணப்பத்தில் கண்ட சொந்தக்காரர் நேரில் வந்து கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

அப்பா படித்து முடித்ததும் நான் குதித்தேன். “சித்தப்பா வந்துருவாரு! சர்க்காரே நேர்ல வரச் சொல்லிருச்சுல்ல!”

சித்தி என்னைப் பார்த்தாள். “ஆமாடி. வரத்தான் வேணும்” என்றாள்.

அம்மா அவளுக்குப் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போட வந்த அம்மாவின் விரல்கள் ஏன் அப்படி நடுவில் நின்றன என்று எனக்கு விளங்கவில்லை. மஞ்சள் ஈரம் காயாத அந்தக் கயிற்றைச் சித்தியே வாங்கி, தானே இறுக்கி முடிந்துகொண்டாள். அன்றைக்குத் தேதி, ஆடி பதினெட்டு.