தொட்டிக்குள் நின்ற கட்டை

தண்ணீர் வேகமாகச் சுழல்வதைக் கண்டால் இன்றும் எனக்குப் பயம்தான். கொழும்பில் பெரிய இரசாயனத் தொட்டிகளை வடிவமைத்தே தலை நரைத்துப் போன பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் மலைநாட்டில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மெஷின்களுக்குப் பொறுப்பாக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாய் வந்தவன். படித்த திமிருக்குக் குறைவில்லை. தேயிலையில் கொப்புள நோய் பரவிய காலம் அது. அதுவரை வாளியில் கையால் கலக்கிய செப்பு மருந்தை இயந்திரத்தால் கலக்க, தோட்டத்தை நடத்திய துரை என்னிடம் ஒரு தொட்டி கேட்டார். வட்டமாய், வழவழப்பாய், நடுவே விசிறி சுழலும்படி வரைந்து செய்துகொடுத்தேன். மருந்து நீர் நடுவில் குழி விழச் சுற்றியது. துரை கைகுலுக்கினார், அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மருந்தடிப்புக் கங்காணி மட்டும் தொட்டியின் ஓரத்தில் ஒரு மரக்கட்டையை நிமிர்த்தி வைத்தார். நீர் அதில் மோதித் தாறுமாறாய்க் கொந்தளித்தது. என் அழகான சுழலைக் கெடுக்கிறாரே என்று எரிச்சல் வந்தது.

"உந்தக் கட்டையை எடும். மெஷின் கலக்கும்" என்றேன். எடுத்துவிட்டார்.

மூன்றாம் வாரம் ஒரு மலையில் இலை கருகியது. அடுத்த மலையில் கொப்புளம் அப்படியே இருந்தது. கங்காணி அளவு தெரியாமல் மருந்தைக் கொட்டுகிறார் என்று துரை முடிவு கட்டினார். விசாரணையில், மருந்து அடியில் படிகிறது என்று மட்டும் கங்காணி சொன்னார். துரை என்னைப் பார்த்தார். எனக்கும் சந்தேகம் தட்டியிருந்தது. தொட்டியில் பிழையில்லை என்று சொல்லிவிட்டேன்.

கங்காணிக்குப் பத்துச்சீட்டு கொடுத்து வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். பூனாகலைத் தோட்டத்தில் யாரோ உறவு இருக்கிறார்களாம். பெண்டாட்டி பிள்ளைகளோடு புறப்பட்ட நாளில் என் வாசலில் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஐயா, அடுத்து வர்றவனையாவது கட்டைய போட விடுங்க. இல்லேன்னா அவனுக்கும் இதே கதிதாங்க."

அவர் போனதும் கட்டையை இறக்கிப் பார்த்தேன். சும்மா சுற்றிக்கொண்டிருந்த நீர் முட்டி மோதி, அடியில் கிடந்த நீல மருந்தெல்லாம் மேலே வந்தது. அடிமருந்து கெட்டியாய்ப் போன மலை கருகியிருக்கிறது, மேல்நீர் மட்டும் போன மலையில் நோய் நின்றிருக்கிறது. அந்த வாரமே தொட்டியின் உட்சுவரில் நான்கு பலகைகளைப் பூட்டினேன். உண்மையைச் சொல்ல இரண்டு முறை துரை இருக்கும் கந்தோர்ப் படி ஏறினேன். இரண்டு முறையும் திரும்பி வந்தேன். என் வேலையும் போய்விடுமே என்ற பயம்தான், வேறென்ன.

அடுத்த மாதம் தளிர் சுத்தமாக வந்தது. துரை என்னை மலைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். அந்த ஆளை அனுப்பியதும் எல்லாம் சரியாகிவிட்டது பார்த்தீரா என்றார்.

"யெஸ், சேர்" என்றேன்.