சுகிர்தபாயின் ஊமைக் கட்டைகள்

சுகிர்தபாய்க்குத் தாளம் போட்டவன் என்று யாராவது சொன்னால் சுவாமிதாசுக்கு இன்றும் உச்சந்தலை கொதிக்கும். செங்கல் என்ற ஊரில் ஒரு கல்யாண வீட்டில் ஒருவன் அப்படிச் சொல்லப்போய், இவன் பாயசத்தைப் பாதியில் விட்டு எழுந்து வந்திருக்கிறான். வண்டிக்காரன் என்று சொல்லட்டும். மூன்றாம் வகுப்பு தாண்டாதவன் என்று சொல்லட்டும். எல்லாம் உள்ளதுதான். ஆனால் தாளம்? அதைப் போடாமல் இருந்ததற்குத்தானே ஊரில் பாதிப்பேர் அவனோடு பேச்சை முறித்தார்கள்!

சுகிர்தபாய் பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயில் என்ற ஊரின் மிஷன் வளாகத்தில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவள். இருந்த இடத்தில் இருக்க அவளுக்குத் தெரியாது. சோற்றை நின்றபடி உண்பாள். ஜெபத்தில் கண்ணை மூடினாலும் விரல் அடங்காது. முன் பெஞ்சின் முதுகில் ஓடிக்கொண்டே இருக்கும். ஏன் கல்யாணம் கட்டவில்லை என்று கேட்டால், "அதுக்கு ஒரு எடத்துல இருக்கணுமே" என்பாள்.

அவளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார மதாம்மா கப்பலேறியபோது பியானோ லேஸ் கட்டிடத்திலேயே நின்றுவிட்டது. இடவப்பாதி மழையும் கடற்காற்றும் எலியும் சேர்ந்து அதன் கட்டைகளில் பலவற்றை ஊமையாக்கிவிட்டன. அழுத்தினால் போகும், வரும், சத்தம் இராது. சரிசெய்ய ஆள் இல்லை. சுகிர்தபாய் தேடவுமில்லை.

ஐம்பத்துநாலாம் ஆண்டு. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று பாறசாலைப் பக்கமெல்லாம் ஊர்வலம். கொல்லயிலில் அதை நடத்தியவன் ஜெயதாஸ். முன்னால் டிரம் அடித்துப் போனவன் சுவாமிதாஸ். வாழைக்குலை வண்டி ஓட்டுவது அவன் பிழைப்பு. டிரம் சபை பேண்டு செட்டில் படித்தது. ஒருநாள் போலீஸ் லத்தியோடு பாய்ந்தது. தோளில் ஒன்று வாங்கிக்கொண்டு, டிரம்மைக் கட்டிப்பிடித்தபடி லேஸ் கட்டிடத்துக்குள் ஓடிப் புகுந்தான். உள்ளே சுகிர்தபாய் வாசித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கதவச் சாத்து. தூசி வருது."

வெளியே விசில் சத்தம், ஓட்டச் சத்தம். இவள் பாட்டுக்கு விரலை விரட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டம் நல்ல வேகத்தில் வந்து ஊமைக் கட்டையில் விழும். குழியில் கால் இடறியதுபோல நிற்கும். பிறகு அந்தப் பக்கம் எழுந்து ஓடும். அந்தக் குழி சுவாமிதாசை அரித்தது. அடுத்தமுறை அவள் அங்கே விழுந்தபோது டிரம் விளிம்பில் நகத்தால் ஒரு தட்டு தட்டினான்.

அப்போதுதான் அவள் திரும்பினாள்.

"எலே, அது ஏதுலே பாட்டு?"

"பாட்டொண்ணும் இல்லக்கா. பல்லு போன எடத்துல நாக்கு போவுமில்லியா, அதாக்கும்."

சுகிர்தபாய் சிரித்த சிரிப்பில் போலீஸ் உள்ளே வராதது கர்த்தரின் கிருபை.

அதற்குப் பிறகு லேஸ் வகுப்பு கலைந்ததும் வண்டியை மாமரத்தடியில் அவிழ்த்துவிட்டு அவன் வந்துவிடுவான். என்ன வாசிக்கப் போகிறோம் என்று இருவருக்கும் தெரியாது. லேஸ் பின்னுகிற மரக்குச்சிகளைப் பியானோவின் கம்பிகள்மேல் அள்ளிப் போடுவாள். ஓலைக்கூரையில் கல்மழை பெய்ததுபோல் இரையும். இவன் டிரம் தோலை உள்ளங்கையால் தேய்ப்பான், நகத்தால் பிறாண்டுவான். அவள் ஓடினால் இவன் நிற்பான். இவன் ஓடினால் அவள் நிற்பாள். கை பழக்கத்தில் அவன் ஊர்வலத்து அடிக்குள் போய்விட்டால் பியானோ மூடியை டமாரென்று சாத்துவாள். "ஊர்வலம் போணுமின்னா றோட்டுல போ." அவள் தெரியாமல் ஞானப்பாட்டுக்குள் சறுக்கினால் இவன் கையைக் கட்டிக்கொண்டு, "ஆமென்" என்பான்.

மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலக்காரர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு ஊரில் யாருக்கும் உறக்கம் சரியில்லை. சபையிலும் அப்படித்தான். அதுவரை ஆராதனையில் ஒரு பாட்டு தமிழ், அடுத்தது மலையாளம் என்று போய்க்கொண்டிருந்தது. கன்னி மாதத்து அறுப்பின் பண்டிகைக்கு முதல் பாட்டு யாருடையது என்பதில் கைகலப்பு வரை போனது. போதகர் வேதமாணிக்கம் ஐயர் அலுத்துப்போய்ச் சொன்னார்: "ஒருத்தரும் பாடண்டாம். சுகிர்தபாய் சும்மா வாசிக்கட்டும். காணிக்கை கொண்டு வாறவங்க அந்த நேரம் நடந்து வந்து வைக்கட்டும்."

"டிரம்மும் வரும்" என்றாள் சுகிர்தபாய்.

"அது சமரத்துக் கொட்டுல்லா அம்மா?" போராட்டத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"அது ஆட்டுத் தோலாக்கும் ஐயரே. அதுக்கு என்ன சமரம் தெரியும்?"

பண்டிகைக்கு முந்தின நாள் ஜெயதாஸ் வண்டியை மறித்தான். "மக்கா, அவ தொடங்கினதும் நீ நம்ம கீர்த்தனைக்க தாளத்தப் பிடிச்சிரு. நம்ம ஆளுவ எழும்பிப் பாடிருவாங்க. பின்ன ஆராலயும் நிறுத்த ஒக்காது."

"அக்காக்கிட்ட கேக்கணும்."

"அவகிட்ட என்னத்தக் கேக்க? தோளுல அடி வாங்கினது நீயா அவளா? அடிக்கல்லேண்ணா இனி ஊர்வலத்துல ஒனக்கு எடமில்ல, கேட்டியா."

அன்று சுவாமிதாஸ் சாப்பிடவில்லை. அவனும் தமிழுக்காக அடிபட்டவன்தான், அதில் பொய்யில்லை. ஆனால் தாளத்தைப் பிடித்தால் சுகிர்தபாய் மூடியைச் சாத்திவிடுவாள். இந்தமுறை சாத்தினால் பிறகு அவனுக்காகத் திறக்கமாட்டாள்.

மறுநாள் அவன் வண்டியிலேயே பியானோவை ஆலயத்துக்கு ஏற்றி வந்தார்கள். மரச்சீனிக் கிழங்கும் பூசணிக்காயும் கால் கட்டின கோழியுமாக சனம் வரிசையில் நின்றது. சுகிர்தபாய் தொடங்கினாள்.

அந்தச் சபையார் ஆர்மோனியம் முழங்கினாலே எழுந்து நின்று பாடிப் பழகியவர்கள். பாட்டில்லை என்று போதகர் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. நாலு சத்தம் கேட்டதும் இது நம்ம கீர்த்தனை என்று தமிழ்ப் பக்கம் எழுந்தது. இது நம்முடைய பாட்டு என்று மலையாளப் பக்கமும் எழுந்தது. இரண்டும் அல்ல அது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பாட்டும் முட்டிக்கொண்டன. ஜெயதாஸ் பெஞ்சிலிருந்து கையை வீசினான்: "எலே, அடிலே!"

அந்த அடி சுவாமிதாசின் கைக்குள்ளேயே இருந்தது. தோள் காயமும் அதைத்தான் கேட்டது. அவன் சுகிர்தபாயைப் பார்த்தான். அவள் ஊமைக் கட்டைகளில் வாசித்துக்கொண்டிருந்தாள். விரல் பறக்கிறது, சத்தமில்லை. அவனுக்காக இடம் விட்டுக் காத்திருந்தாள்.

அவன் அந்தக் குழிக்குள் இறங்கினான். பிறாண்டினான், தேய்த்தான், பாடுகிறவன் எதிர்பார்க்கிற இடத்தில் அடிக்காமல் எதிர்பாராத இடத்தில் அடித்தான். இரண்டு பாட்டுக்கும் கால் பின்னியது. அடுத்த வரியை எங்கே எடுப்பது என்று இரு பக்கத்துக்கும் தெரியவில்லை. குரல்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியில் பியானோவும் டிரம்மும், மிரண்டு கத்தின கோழிகளும் மட்டும். தலையில் பூசணிக்காயோடு நின்றவர்கள் நடப்பதா நிற்பதா என்று தெரியாமல் விழித்தார்கள். வாசித்து முடிந்தபோது ஆமென் சொல்லக்கூட ஆளில்லை.

வெளியே ஜெயதாஸ், "காலை வாரிட்டியேலே, துரோகி" என்று காறித் துப்பினான். மலையாளக்காரர்கள், சமரக்காரன் வேண்டுமென்றே பாட்டைக் கெடுத்தான் என்றார்கள். இரண்டு கூட்டமும் ஒத்துப்போன ஒரே காரியம் இதுதான்: பாவம், அந்தப் பெண்பிள்ளை நன்றாக வாசித்தாள், இவன் தாளம் போட்டுக் கெடுத்துவிட்டான்.

அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. "அவன் தாளம் போட்டிருந்தா நான் எழும்பிப் போயிருப்பேனே" என்று சுகிர்தபாய் ஆலய வாசலில் நின்று கத்தினாள். யார் காதில் ஏறும்?

ஐம்பத்தாறில் எல்லை விழுந்தது. களியக்காவிளை அந்தப் பக்கம் தமிழ்நாட்டில், பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கொல்லயிலும் இந்தப் பக்கம் கேரளத்தில். ஜெயதாஸ் அந்தப் பக்கம் குடிபோனான். "நீங்க போகலியாக்கா?" என்று சுவாமிதாஸ் கேட்டதற்கு, "பியானோக்க இந்த அற்றத்துலேருந்து அந்த அற்றம் போகவே எனக்கு சமயமில்ல" என்றாள். லேஸ் கட்டிடத்து மத்தியானங்கள் மட்டும் மாறவில்லை. மழைக்கு மழை ஊமைக் கட்டைகள் கூடிக்கொண்டே போயின. அவனுக்கு வேலையும் கூடிற்று.

பிறகு அவள் நெஞ்சில் நீர் கோத்துப் படுத்துவிட்டாள். வாழ்நாளில் முதல்தடவையாக ஒரே இடத்தில். விரல் மட்டும் பாயின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஒரு சீப்பு பேயன்பழத்தோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்க அடக்கத்துக்கு ரெண்டு பாசையிலயும் பாடுவாங்க, பாத்துக்கோ" என்றாள் மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "பாடட்டும். எல்லாம் தீர்ந்து ஆளு பிரியதுக்கு முன்ன நீ டிரம்ம எடு."

"பியானோ இல்லாம எப்படிக்கா?"

"நான் ஊமக் கட்டையில வாசிச்சிட்டு இருப்பேன்லே. எனக்க எடத்த மட்டும் நீ கொட்டி அடைச்சிராத, சாமிதாசே. அத சும்மா விட்டிரு."