அம்மா போட்ட துரை வேடம்

நீலகிரித் தைலமும் மூக்குப்பொடியும் ஈரக் கம்பளியும் கலந்த ஒரு வாடை எங்கேயாவது வந்தால் இப்போதும் நான் நின்று திரும்பிப் பார்ப்பேன். அது எங்கள் பள்ளிக்கூடத்து சாரின் மப்ளர் வாடை. நான்காம் வகுப்பு படிக்கும்போது அந்த மப்ளரை அவரிடமே போய்க் கேட்டு, இரண்டு கையாலும் வாங்கி, தேயிலைச் சரிவு வழியாக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் மாரியம்மன் திருவிழா மேடையில் எங்கள் அம்மா அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அந்த சாராகவே நடிக்கப் போகிறாள், அதற்காக.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் இருந்த ஓர் எஸ்டேட்டில் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். திருவிழா நாடகம் என்றால் ஆண்கள்தான் சேலை கட்டி ஆடுவார்கள். எங்கள் எஸ்டேட்டில் மட்டும் ஒரு பெண் பிள்ளை, அதுவும் எங்கள் அம்மா, கோட்டு மாட்டிக்கொண்டு ஆண் வேடம் போட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாள். இருட்டினால் காட்டெருமை இறங்கிவிடும் என்பதால் நாடகத்தைப் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுவார்கள். அதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. எப்போதோ ஒரு நாடகத்தில் கேலி எல்லை மீறி மேல் லைன் வீட்டுக்காரர்களுக்கும் கீழ் லைன் வீட்டுக்காரர்களுக்கும் அடிதடி ஆகிவிட, "கேட்டு வாங்காம யாரு மாதிரியும் ஆடக்கூடாது" என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். யாரைப் போல நடிக்கிறோமோ அவரிடமே அவருடைய பொருள் ஒன்றை இரவல் வாங்க வேண்டும். கொடுத்தால் சம்மதம். நாடகம் முடிந்ததும் அவரே முன்னால் வந்து, எல்லார் கண்ணும் பார்க்க, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதோடு மனத்தாங்கல் எதுவும் இல்லை என்று அர்த்தம்.

இரவல் கேட்கப் போவது எப்போதும் நான்தான். "அம்மா கேட்டாங்க, வேசம் முடிஞ்சதும் குடுத்தர்றமுங்கன்னு சொல்லு அம்முணி" என்று அனுப்பிவிடுவாள். எனக்கோ கூச்சத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அப்படித்தான் எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரின் கண்ணாடி வந்தது. தலைவலியோ, கால் சுளுக்கோ, மாடு கன்று போடவில்லையோ, எது சொன்னாலும் ஒரே ரோஸ் கலர் மருந்தைக் கலக்கி நீட்டுகிற கம்பவுண்டராக அம்மா மேடையில் நின்றபோது, கண்ணாடி இல்லாத நிஜக் கம்பவுண்டர் ஒன்றும் தெரியாமல் கீழே நின்றுகொண்டு, "என்ன பண்றா? இப்ப என்ன பண்றா?" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். சார் வேடத்தில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து குறட்டையே விட்டாள். பிள்ளைகள் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்லும் இடத்தில் மட்டும் கண்ணைத் திறக்காமல் பிரம்பு மேலே எழும்பும். சார் மப்ளரைத் திரும்ப வாங்கும்போது, "இந்த அளவுக்கா சரசு தூங்கறேன்?" என்று கேட்டார். சரசு என்பதுதான் அம்மாவின் பெயர்.

நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் அப்பா இறந்துபோனார். ஃபேக்டரியில் நிரந்தர வேலையில் இருந்தவர் அவர். வரிசையாக ஒட்டிக் கட்டிய "லைன்" வீடுகளில் ஒன்று அவர் பெயரில்தான் எங்களுக்குக் கிடைத்திருந்தது. அம்மா தற்காலிகத் தொழிலாளி. அவள் "பெர்மனெண்ட்" ஆனால்தான் வீடு நிலைக்கும்; இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் போவதற்கு எங்களுக்கு ஓர் இடமும் இல்லை. திருவிழா முடிந்த பிறகு துரை கையெழுத்துப் போடுகிற பட்டியலில் அம்மாவின் பெயர் வருமா என்பதுதான் வீட்டில் பேச்சாக இருந்தது. துரை என்றால் எஸ்டேட் மேனேஜர். அப்போதுதான் புதிதாக வந்திருந்தார்.

அந்த வருடம் என்ன வேடம் என்று விழாக் கமிட்டிக்காரர்கள் கேட்டபோது அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "தொர வேசம் போட்டறலாமுங்க" என்றாள். பக்கத்து வீட்டு அக்கா, "ஏனுக்கா, லிஸ்ட் வர்ற நேரத்துல உனக்கு இது தேவையா?" என்று கேட்டதற்கு, "கேட்டுத்தான வாங்கப்போறேன். புடிக்கலைன்னா குடுக்கமாட்டாரு, அவ்வளவுதான?" என்று சொல்லிவிட்டு, என்னைத் துரையின் தொப்பி வாங்க பங்களாவுக்கு அனுப்பினாள்.

பங்களா வாசல் வரைக்கும் போனேன். உள்ளே இரண்டு நாய்கள் குரைத்தன. துரை வராந்தாவில் நின்று யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் திட்டுகிற குரலைக் கேட்டதும் எனக்கு வீடு, பட்டியல், அம்மாவின் பெயர் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்து, தொப்பியைக் கேட்ட மாத்திரத்தில் எங்களை வீட்டை விட்டு வெளியே அனுப்பிவிடுவார் என்றே தோன்றிவிட்டது. வேலி ஓரத்தில் தோட்டக்காரர் களை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் தலையிலும் ஒரு பழைய காக்கித் தொப்பி, பார்த்தால் துரையுடையது மாதிரியே. "ஒரு நாளைக்கு இத எனக்குத் தர்றீங்களா?" என்றேன். "கொண்டு போ கண்ணு" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "தொர சிரிச்சுக்கிட்டே குடுத்தாரும்மா" என்றேன். அந்தச் சிரிப்பை ஏன் சேர்த்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அம்மா தொப்பியைச் சேலைத் தலைப்பால் துடைத்து ஆணியில் மாட்டினாள். மூன்று நாள் அது அங்கே தொங்கியது. மூன்று நாளும் நான் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை.

எந்தக் குறையைச் சொன்னாலும் "எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்பது அந்தத் துரையின் வழக்கம். கூரை ஒழுகினாலும் அதே பதில், தண்ணீர் வராவிட்டாலும் அதே பதில். நாடகத்தில் ஒரு பெண், "ஏனுங்க தொர, காட்டெரும தொரத்துதுங்க!" என்று அலறிக்கொண்டு ஓடிவர, அம்மா சட்டைப்பையில் பேனாவைத் தேடியபடி, "எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்றாள். கறுப்புக் கம்பளிக்குள் இரண்டு பேர் நுழைந்து காட்டெருமையாக மேடைக்கே வந்துவிட்டார்கள். அம்மா கொஞ்சமும் அசையாமல் எருமையின் கொம்பைப் பார்த்து, "நீங்களும் எழுதிக் குடுங்க" என்றதும் கூட்டம் தரையில் விழுந்து சிரித்தது. இதையெல்லாம் நான் காதால்தான் கேட்டேன். என் கண் முன்வரிசை நாற்காலியில் இருந்த துரையை விட்டு அகலவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

நாடகம் முடிந்தது. அம்மா மேடை ஓரத்துக்கு வந்து குனிந்து, தொப்பியை இரண்டு கையாலும் நீட்டி, "இந்தாங்க ஐயா, உங்க தொப்பிங்க" என்றாள். துரை எழுந்து வந்து அதை வாங்கி உள்ளே வெளியே திருப்பிப் பார்த்தார்.

"இது என்னோட தொப்பி இல்லையே."

கூட்டம் கப்பென்று அடங்கிவிட்டது. அம்மா ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்படியே செத்துப்போய்விட மாட்டோமா என்று எனக்கு இருந்தது. அம்மா நிமிர்ந்தாள். முதுகைத் துரை மாதிரியே விறைத்துக்கொண்டு, அவர் குரலிலேயே, அவர் முகத்துக்கு நேராக, "அப்படியா? எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்றாள்.

அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குப் பிறகு எங்குமே கேட்டதில்லை. கம்பவுண்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துரையும் சிரித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் சாப்பாட்டுக்கு இருக்காமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் அம்மா அடிக்கவில்லை. "தொப்பி யாருது அம்முணி?" என்று மட்டும் கேட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "எம்மேல கோவம் வந்தாக்கூடப் பரவால்ல. கேக்காம ஆடுனேன்னு அவரு நெனைக்கக் கூடாது. நாளைக்கு நீயே போயி நடந்ததச் சொல்லீட்டு வா" என்றாள்.

மறுநாள் எஸ்டேட் ஆபீசில் துரையின் மேசைக்கு முன்னால் நின்றேன். நான் திக்கித் திக்கிச் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, ஒரு காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி, "எழுதிக் குடு" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தில் சிரிப்பு இல்லை. அம்மா கேட்கத்தான் சொன்னாள், நான்தான் பயந்துகொண்டு கேட்கவில்லை, அம்மா மேல் தப்பு இல்லை என்று எழுதினேன். காகிதத்தில் இன்னும் இடம் இருந்தது. எழுதியது போதாதோ என்ற பயத்தில், "இனிமேல் எங்கள் அம்மா யாரைப் போலவும் நடிக்க மாட்டார். எங்களை வீட்டில் இருக்க விடுங்கள்" என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. துரை படித்துவிட்டு மடித்து ஃபைலுக்குள் வைத்து, "சரி, போ" என்றார்.

ஒரு மாதம் மழை. ஆபீஸ் பியூன் லைன் பக்கம் வந்தாலே எனக்குக் காய்ச்சல் வரும் போலிருக்கும். கடைசியில் பட்டியலைக் காலையில் வேலைக்குக் கூடும் இடத்தில் வைத்து வாசித்தார்கள். அம்மாவின் பெயர் இருந்தது. வீடு தங்கியது. நான் எழுதியதால் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கோ எல்லாம் என் சாமர்த்தியம் என்று நினைத்து, எழுதியதை வரி பிசகாமல் அம்மாவிடம் ஒப்பித்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தி, "அப்படியா எழுதுன?" என்றாள். பிறகு திரும்பவும் அரிசியைக் களைய ஆரம்பித்தாள்.

அடுத்த திருவிழாவுக்குக் கமிட்டிக்காரர்கள் வந்தபோது, "மேலுக்கு முடியறதில்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கேட்காமலேயே கம்பவுண்டர் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "இந்த வருசம் மறுபடியும் என் வேசமாவே இருந்துட்டுப் போகட்டும் சரசு, எடுத்துக்க" என்றார். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்துக் கண்ணாடியோடு திருப்பி அனுப்பினாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பொழுதுபோக்காக யாரையாவது போலச் செய்து காட்டி வந்ததைக்கூட விட்டுவிட்டாள்.

இப்போது அந்த லைன் வீடுகளில் பாதிக்குப் பூட்டு. மீதியில் வடக்கேயிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். திருவிழாவுக்குக் கீழே ஊரிலிருந்து பாட்டுக் கச்சேரி வருகிறது. நாடகமும் இல்லை, இரவல் வாங்கும் பழக்கமும் இல்லை. போனில் யார் யாரையோ அச்சு அசலாகச் செய்து காட்டுகிறார்கள். நானும் பார்த்துச் சிரிக்கிறேன். கேட்டுக்கொண்டு செய்தார்களா என்றுதான் மனம் முதலில் போகிறது.

கோத்தகிரிப் பக்கம் அரவேணுவில் இரண்டு அறையுள்ள ஒரு வீட்டை நான் கட்டி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். போன மாதம் ஒரு மழை நாளில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய வேடங்களைச் செய்து காட்டச் சொல்லிக் கெஞ்சினேன். வெகு நேரம் மறுத்துவிட்டு, கம்பவுண்டரைச் செய்தாள். பிறகு சார். குரல் நடுங்கியது, ஆனால் அதே சார்தான். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்தச் சிரிப்போடு, "தொர வேசம்மா, ஒரே ஒரு தடவ" என்றேன்.

அம்மா எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். "அது வேண்டாம் அம்முணி. ஊட்டக் காலி பண்ணச் சொல்லீருவாங்க."

"அம்மா, இது நம்ம ஊடு."

"தெரியும்" என்றாள். "போனத் தூக்கி அந்தப் பக்கம் வை."

துரை இறந்து எத்தனையோ வருடம் ஆகிறது. பட்டா என் பெயரில் பீரோவில் இருக்கிறது. மேடையில் நின்று அவர் முகத்துக்கு நேராகப் பேசியவளுக்கு இந்தப் பயத்தை எழுதிக் கொடுத்தது நான்தான்.